துலிப் படம் போட்ட விளம்பரமும் தேதி போடாத ரசீதும்

நெதர்லாந்தில் லிஸ்ஸெ என்ற ஊரில் இருக்கும் கியூகன்ஹாஃப் மலர்த்தோட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டு வாரம்தான் திறந்திருக்கும். இலையுதிர் காலத்தில் சுமார் 70 லட்சம் கிழங்குகளை மண்ணில் ஊன்றுகிறார்கள்; வசந்தத்தில் அவை பூத்து அடங்கியதும் கதவைச் சாத்திவிடுகிறார்கள். 2026-ல் மார்ச் 19 முதல் மே 10 வரை மட்டுமே அனுமதி. தமிழ்நாட்டிலோ பிள்ளைகளுக்குத் தேர்வு முடிந்து, விசா வந்து, குடும்பத்தோடு விமானம் ஏறுவதற்குள் பலருக்கு மே பாதி ஓடிவிடுகிறது. அப்படித் தாமதமாகக் கிளம்பும் சுற்றுலாக் குழுக்களுக்காக அச்சடித்த விளம்பரத்திலும் துலிப் வயல்தான் பக்கம் முழுக்கச் சிரிக்கிறது.

இதை உடனே மோசடி என்று சொல்லிவிட முடியாது. படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ‘மாதிரிக்கு மட்டும்’ என்றிருக்கும். பயணத் திட்டத்தில் ‘பருவத்தைப் பொறுத்து’ என்று இரண்டு சொல் ஒட்டிக்கொண்டிருக்கும். தவறான எண்ணத்தை ஊட்டும் விளம்பரத்துக்கு எதிராக 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் வழக்கு என்று வந்தால் பேசப்போவது படமல்ல, கையெழுத்துப் போட்ட தாள். ஆகவே ஐரோப்பாவுக்கு வசந்தத்தில் போவதா, இலையுதிர் காலத்தில் போவதா என்று கேட்பவர்கள் முதலில் கேட்டு வாங்க வேண்டியது தேதி. எந்த நாளில் எந்த இடம், உள்ளே நுழைவுச் சீட்டோடு போகிறோமா, வெளியே பஸ்ஸை நிறுத்திப் படம் மட்டும் எடுக்கிறோமா, அந்த இடம் மூடியிருந்தால் பதிலுக்கு என்ன என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும்.

வசந்தம் என்பது ஒரே பருவமல்ல. ஏப்ரல் முதல் வாரத்துச் சுவிட்சர்லாந்துக்கும் மே கடைசி வாரத்துச் சுவிட்சர்லாந்துக்கும் இடையே ஒரு பனிமலை அளவு வித்தியாசம் இருக்கிறது. ஃபுர்க்கா, கிரிம்செல் போன்ற மலைக் கணவாய்ச் சாலைகள் அக்டோபர், நவம்பர் வாக்கில் மூடினால் மே கடைசியிலோ ஜூனிலோதான் திறக்கும். ஆஸ்திரியாவின் குரோஸ்குளோக்னர் மலைச்சாலைக்கு மே தொடக்கம் முதல் நவம்பர் தொடக்கம் வரைதான் ஆயுள். சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் மலையில் ஏறும் செங்குத்தான பற்சக்கர ரயிலும் பனி கரைந்த பிறகே ஓடத் தொடங்கும்; அதற்கு முன் போகும் குழு கேபிள் காரில் ஏறி இறங்கிவிட்டு வரும். மலைக்காகப் போகிறவர்களுக்குச் செப்டம்பர்தான் வசதி. அதே இலையுதிர் காலத்தின் பின்பாதியோ வேறு கதை. புகழ்பெற்ற கிளேசியர் எக்ஸ்பிரஸ் ரயில் அக்டோபர் நடுவில் நின்றால் டிசம்பரில்தான் மீண்டும் ஓடும். உச்சிகளுக்குப் போகும் கேபிள் கார்கள் பலவற்றின் ஆண்டுப் பராமரிப்பு நவம்பரை ஒட்டித்தான் நடக்கும். ‘இலையுதிர் காலச் சலுகை’ என்று விலை இறங்கியிருந்தால், இவற்றில் எது எது விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

வெளிச்சத்தின் கணக்கை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. பாரிஸில் ஏப்ரல் 20 வாக்கில் ஏறத்தாழ பதினான்கு மணி நேரப் பகல். இரவு எட்டே முக்கால் தாண்டித்தான் சூரியன் மறையும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிய பிறகு மாலை ஐந்தரைக்கே இருட்டு. ஒரே பயணத் திட்டத்தை இரண்டு பருவத்துக்கும் அப்படியே விற்றால், அக்டோபர் கடைசியில் போகும் குழு கடைசி இரண்டு இடங்களைத் தெருவிளக்கில்தான் பார்க்கும். பஸ் ஓட்டுநரை விரட்டியும் பயனில்லை. நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு, நாளொன்றுக்குப் பொதுவாக ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். வண்டியில் உள்ள பதிவுக் கருவி நிமிடம் விடாமல் கணக்கெழுதும். மீறினால் ஓட்டுநருக்கும் நிறுவனத்துக்கும் அபராதம்.

கூட்டம் வசந்தத்தின் தலைவலி. ஈஸ்டர் ஆண்டுக்கு ஆண்டு நகரும்: 2026-ல் ஏப்ரல் 5, 2027-ல் மார்ச் 28. அந்த வாரத்தில் ரோமிலும் வத்திக்கானிலும் கால் வைக்க இடமிருக்காது. பிரான்ஸில் மே 1, மே 8, விண்ணேற்ற விழா, பெந்தெகொஸ்தே திங்கள் என்று மே மாதம் முழுக்க விடுமுறைகள் வரிசைகட்டும். லூவ்ர் அருங்காட்சியகம் மே 1 அன்று திறக்காது. எந்தப் பருவத்திலும் செவ்வாய்க்கிழமை திறக்காது. வெர்சாய் அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை. பாரிஸில் திங்கள், செவ்வாய் என இரண்டே நாள் தங்கும் திட்டத்தில் எதை எந்த நாளில் வைத்திருக்கிறார்கள் என்று காலண்டரை வைத்துக்கொண்டு எவரும் சரிபார்த்துவிடலாம். இலையுதிர் காலமும் முற்றிலும் அமைதியல்ல. மியூனிக்கின் அக்டோபர்ஃபெஸ்ட், பெயர் எப்படியிருந்தாலும், செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். அந்த இரண்டு வாரங்களில் அந்த நகரத்து ஹோட்டல் வாடகை எகிறும், குழுவை ஊருக்கு வெளியே எங்கோ தங்கவைப்பார்கள்.

வெனிஸ் தனியாகக் கவனிக்க வேண்டிய ஊர். 2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட நாள்களில் பகலில் வந்து திரும்புவோருக்கு நுழைவுக் கட்டணம் விதிக்கிறார்கள். ஐந்து யூரோ, கடைசி நேரத்தில் பதிந்தால் 2025 முதல் பத்து. கட்டண நாள்கள் இதுவரை வசந்தத்திலும் கோடையிலும்தான் வந்திருக்கின்றன, இலையுதிர் காலத்தில் இல்லை. நம் குழுக்கள் பெரும்பாலும் தங்கும் மெஸ்த்ரே வெனிஸ் மாநகர எல்லைக்குள் இருப்பதால் அங்கு இரவு தங்குவோருக்கு விலக்கு உண்டு; ஆனால் விலக்கைப் பதிந்து கியூஆர் கோடு வாங்கிக்கொள்ள வேண்டும். பதுவாவில் அறை போட்டால் விலக்கு இல்லை. 2024 ஆகஸ்ட் முதல் இன்னொரு விதியும் வந்திருக்கிறது: வழிகாட்டியோடு செல்லும் குழுவில் 25 பேருக்கு மேல் கூடாது, ஒலிபெருக்கி கூடாது. நாற்பது, ஐம்பது பேரோடு வரும் பஸ் இரண்டாகப் பிரிய வேண்டும். இரண்டாவது வழிகாட்டிக்கு யார் பணம் கொடுப்பது? சென்னையிலிருந்து கூடவே வரும் டூர் மேனேஜர் பெட்டியை எண்ணுவார், சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்வார். அவர் வேறு, அந்தந்த ஊரில் உரிமம் பெற்ற வழிகாட்டி வேறு. ‘வழிகாட்டியுடன்’ என்று எழுதியிருந்தால் எந்தெந்த ஊரில், எத்தனை மணி நேரம் என்பதையும் எழுதித்தரச் சொல்லலாம்.

வானிலையில் இரண்டு பருவங்களும் கைவிடும், வெவ்வேறு விதமாக. கோடை முழுக்கச் சூடேறிய மத்தியதரைக் கடல் செப்டம்பர் முதல் நவம்பர் வரை பெருமழையைக் கிளப்புகிறது. 2019 நவம்பர் 12 இரவு வெனிஸில் கடல் 187 சென்டிமீட்டர் உயர்ந்தது, 1966-க்குப் பிறகு அதுவே அதிகம். அடுத்த ஆண்டு அக்டோபரில் கடல் தடுப்புக் கதவுகள் இயங்கத் தொடங்கியதால் இன்று அந்த அச்சம் குறைவு. 2024 செப்டம்பரில் போரிஸ் புயல் மத்திய ஐரோப்பாவைப் புரட்டியது. அக்டோபர் 29 அன்று ஸ்பெயினின் வலென்சியா வட்டாரத்தில் வந்த வெள்ளம் இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது.

வசந்தத்தின் பெரிய அடி மேலேயிருந்து வந்தது. 2010 ஏப்ரல் 14 அன்று ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்துச் சாம்பல் பரவியதில் ஒரு வாரத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் விமானங்கள் ரத்தாயின. போர்ச்சுகலின் ஃபாரோ நகரிலிருந்து டப்ளின் திரும்ப வேண்டிய ஒரு பயணி ஒரு வாரம் மாட்டிக்கொண்டார். சாப்பாட்டுக்கும் அறைக்கும் ஆன சுமார் 1,130 யூரோவை ரயன்ஏர் நிறுவனத்திடம் கேட்டார். எரிமலைக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு என்றது நிறுவனம். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2013 ஜனவரி 31 அன்று தந்த தீர்ப்பு இன்றைக்கும் பயணிகளுக்குக் கவசம்: எரிமலை போன்ற அசாதாரணச் சூழலில் நஷ்டஈடு தர வேண்டியதில்லை, ஆனால் உணவும் தங்குமிடமும் தரும் கடமை தீராது, அதற்கு நாள் வரம்போ பண வரம்போ கிடையாது. நியாயமான, தேவையான செலவாக இருக்க வேண்டும், ரசீது இருக்க வேண்டும்.

அந்தத் தீர்ப்பின் அடிப்படை 261/2004 எண்ணிட்ட ஐரோப்பிய ஒழுங்குமுறை. அது சென்னைப் பயணிக்கு எப்போது பொருந்தும் என்பதில்தான் குழப்பம். ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையத்திலிருந்து புறப்பட்டால், எந்த நாட்டு நிறுவனமானாலும் பொருந்தும். வெளியிலிருந்து உள்ளே வரும்போது, ஐரோப்பிய நிறுவனத்தின் விமானமாக இருந்தால் மட்டும் பொருந்தும். எனவே சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு லுஃப்தான்ஸாவில் போனால் போகும்போதும் பாதுகாப்பு, வரும்போதும் பாதுகாப்பு. துபாய் வழியாக வளைகுடா நிறுவனத்தில் போனால் போகும்போது இல்லை. பாரிஸிலிருந்து துபாய் வழியாகச் சென்னை திரும்பும்போது, ஒரே புக்கிங்காக இருந்தால், முழுப் பயணத்துக்கும் உண்டு. 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் நிறுவனத்தின் தவறால் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால் 600 யூரோ. மூன்றுக்கும் நான்குக்கும் இடையே என்றால் பாதியாகக் குறைக்கலாம். புயலுக்கும் வான்வழிக் கட்டுப்பாட்டாளர்களின் வேலைநிறுத்தத்துக்கும் இந்தத் தொகை இல்லை. நிறுவனத்தின் சொந்த ஊழியர்கள் சம்பளம் கேட்டு நிறுத்தினால் உண்டு. இந்தப் பணம் பயணிக்குச் சொந்தம், குழு டிக்கெட் எடுத்த டூர் நிறுவனத்துக்கு அல்ல. பணத்துக்குப் பதில் வவுச்சர் நீட்டினால், பயணி கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால்தான் அது செல்லும்.

இலையுதிர் காலத்துக்கென்றே ஓர் ஆபத்து உண்டு. வானிலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஐரோப்பிய விமான, சுற்றுலா நிறுவனங்களுக்குக் கோடைதான் அறுவடை. வசூல் நின்று பாக்கி கொடுக்க வேண்டிய நேரம் வரும்போது, தள்ளாடியவை விழுகின்றன. மோனார்க் 2017 அக்டோபர் 2-ல் நின்றது. ஏர் பெர்லின் அதே மாதக் கடைசியில். பிரைமேரா ஏர் 2018 அக்டோபரில். பிரிட்டனின் தாமஸ் குக் 2019 செப்டம்பர் 23-ல். (இந்தியாவில் அதே பெயரில் இயங்குவது வேறு உரிமையாளர்களின் நிறுவனம், அது விழவில்லை.) நம் பக்கத்திலோ காலண்டர் தலைகீழ். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-லும், கோ ஃபர்ஸ்ட் 2023 மே தொடக்கத்திலும், சரியாகக் கோடை விடுமுறைக் கூட்டத்தின் வாசலில் கைவிரித்தன. ஐரோப்பாவில் பேக்கேஜ் விற்பவர் திவாலானால் பயணியின் பணத்துக்குக் காப்பு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டம் ஐரோப்பாவில் வாங்கியவருக்குத்தான், தி.நகரில் வாங்கியவருக்கு இல்லை. முழுத் தொகையையும் ஆறு மாதம் முன்பே ரொக்கமாகக் கட்டினால் பத்து சதவீதத் தள்ளுபடி என்று ஆசை காட்டும்போது இதை நினைத்துப் பார்க்கலாம். தவணையாக, கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், சேவை கிடைக்காதபோது வங்கியிடமாவது முறையிட வழி இருக்கும்.

விசா விஷயத்தில் பருவம் நேரடியாகப் புகுந்து விளையாடும். ஏப்ரல், மே பயணத்துக்கு நாடு முழுக்க ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பதால் விண்ணப்பம் கொடுக்க முன்பதிவுத் தேதி கிடைப்பதே பாடு. செப்டம்பர் கடைசி, அக்டோபர் பயணத்துக்கு நெருக்கடி சற்றுக் குறைவு. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுக்க வேண்டும். முடிவு பொதுவாக 15 நாளில், சிக்கலானால் 45 நாள் வரை. 90 யூரோ கட்டணம் மறுத்தாலும் திரும்பாது. 2024-ல் இந்தியாவிலிருந்து போன சுமார் 11 லட்சம் விண்ணப்பங்களில் ஏறத்தாழ 1.65 லட்சம் மறுக்கப்பட்டன. ‘விசா உத்தரவாதம்’ என்று சொல்லும் ஏஜென்ட்டை அங்கேயே சந்தேகிக்க வேண்டும். அந்த உத்தரவாதம் யார் கையிலும் இல்லை. அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. எங்கே தேதி கிடைக்கிறதோ அங்கே போட்டுக்கொள்ளலாம் என்று வேறு நாட்டில் தங்குவதாகக் கணக்குக் காட்டினால், மறுப்பு முத்திரை விழுவது பயணியின் பெயரில்தான். மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் தருவார்கள், மேல்முறையீடும் உண்டு. விசா கிடைக்காவிட்டால் டூர் நிறுவனம் எவ்வளவு பிடித்துக்கொள்ளும் என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பார்ப்பது நல்லது.

விசாவுக்காக எடுக்கும் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்க வேண்டும். அது பயணம் ரத்தானதற்குப் பணம் தரும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ரத்துக்கான பிரிவு தனி. புயல் பெயரிடப்பட்ட பிறகோ வேலைநிறுத்தம் அறிவித்த பிறகோ எடுத்தால் அந்தக் காரணத்துக்கு அது உதவாமல் போகலாம். காப்பீட்டு நிறுவனம் மறுத்து, எழுத்துப் புகாருக்கும் ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம். சென்னையிலும் அலுவலகம் இருக்கிறது.

டூர் நிறுவனத்தின் மீதான புகாருக்கு, ரசீதின் அடியில் ‘மும்பை நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்’ என்று இருப்பதைக் கண்டு தளர வேண்டாம். புகார்தாரர் வசிக்கும் ஊரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுச் செய்யச் சட்டம் வழி தருகிறது. கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையம், ஐந்து லட்சம் வரை மனுக் கட்டணமே கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. ரத்துக் கட்டணம் நஷ்டத்துக்குச் சம்பந்தமில்லாத அளவு கொள்ளையாக இருக்கிறது, ஒப்பந்தமே நியாயமற்றது என்று வாதிட வேண்டுமானால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தால் சில தகராறுகள் அங்கேயே முடிந்துவிடும். மூடிய வாசலின் படம், அன்றைய தேதி தெரியும் வாட்ஸ்அப் செய்தி, டூர் மேனேஜரிடம் எழுத்தில் சொன்ன ஆட்சேபம், கைக்காசிலிருந்து செலவழித்த ரசீது ஆகியவற்றை ஊர் திரும்பிய பிறகு தேடிப் பிடிக்க முடியாது. பெட்டி தாமதமாக வந்தால் விமான நிறுவனத்துக்கு 21 நாளுக்குள், உடைந்து வந்தால் ஏழு நாளுக்குள் எழுத்தில் சொல்லிவிட வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.