தவணையில் வராத கூரை

சுவரைத் தவணையில் எழுப்பலாம். இந்த வாரம் நூறு செங்கல், கூலி வந்தால் அடுத்த வாரம் இன்னொரு இருநூறு என்று வாங்கிப் போட்டு, கொத்தனார் சும்மா இருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு வரிசை ஏற்றலாம். பிறகு மூன்று மாதம் தொடாமல் விட்டாலும் செங்கல் சுவருக்கு ஒன்றும் ஆகாது. கூரைத் தளம் அப்படியல்ல. சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கலவை கொட்ட ஆரம்பித்துவிட்டால் பொழுது சாய்வதற்குள் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை போட்டு முடித்தாக வேண்டும். பாதித் தளம் இன்றைக்கு, மீதி தீபாவளி போனஸ் வந்ததும் என்ற பேச்சே கிடையாது.

காரணம் சிமெண்டின் வேதியியலில் இருக்கிறது. கான்கிரீட் ஈரம் உலர்ந்து இறுகுவதில்லை. சிமெண்டில் இருக்கும் கால்சியம் சிலிகேட்டுகள் தண்ணீரோடு வினைபுரிந்து வேறொரு பொருளாகவே மாறுகின்றன. அதனால்தான் ஆற்றுக்கு நடுவே பாலத் தூணுக்குத் தண்ணீருக்கு அடியில் போட்டாலும் அது இறுகுகிறது. வினை நடக்க நடக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் முளைத்து, ஒன்றோடொன்று பின்னி, ஜல்லியையும் மணலையும் கவ்விப் பிடிக்கின்றன. சாதாரண சிமெண்ட் 30 நிமிடத்துக்கு முன்னால் இறுகத் தொடங்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் இறுகி முடித்திருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். பின்னல் முடிந்துபோன தளத்தை ஒட்டி நாளைக்குப் புதுக் கலவை போட்டால் பழசும் புதுசும் சரியாகக் கைகோப்பதில்லை. மழைத்தண்ணீர் இறங்குவதும் விரிசல் ஓடுவதும் அந்தக் கோட்டின் வழியாகத்தான். பொறியாளரை வைத்து முறையாக இணைப்பு விட வழி இருக்கிறது. ஓரறை வீட்டுக்கு யார் பொறியாளரைக் கூப்பிடுகிறார்கள்?

பத்துக்குப் பத்து அடி அறைக்கு ஐந்து அங்குலத் தளம் என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 10 மூட்டை சிமெண்ட் வேண்டும். அதோடு கம்பி, ஜல்லி, மணல், சென்ட்ரிங் வாடகை, கலவை மிஷின், பத்துப் பன்னிரண்டு ஆட்களின் கூலி, அன்றைக்கு அவர்களுக்குப் போட வேண்டிய கறிச்சாப்பாடு, எல்லாம் ஒரே நாளில் கையில் இருக்க வேண்டும். கூலிக்காரரின் வருமானமோ நாள் கணக்கில் சொட்டுச் சொட்டாக வருகிறது. ஏழையின் வீட்டுக்குக் குறுக்கே நிற்பது பணம் குறைவு என்பது மட்டும் அல்ல. சொட்டாக வருவதை மொத்தமாக மாற்றித் தர ஆளில்லை என்பதும்தான். வங்கி செய்யும் வேலையே அந்த மாற்றம். வங்கி வாசலை மிதிக்காதவர்கள் அதை வேறு வழிகளில் செய்துகொள்கிறார்கள். அந்த வழிகளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் மலைப்பாக இருக்கும்.

சிமெண்டாகவே சேர்த்து வைத்தால் என்ன? மாதம் ஒரு மூட்டை வாங்கி அடுக்கலாமே. அடுக்கலாம், ஆனால் மூட்டைக்குள் இருக்கும் தூளுக்குத் தண்ணீர் என்றால் அவ்வளவு தாகம். காற்றிலுள்ள ஈரத்தையே குடித்து உள்ளுக்குள் வினையைத் தொடங்கிவிடும். 3 மாதம் கிடந்த சிமெண்ட் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வலுவை இழந்திருக்கும் என்பது கட்டுமானத் துறையில் எல்லோரும் சொல்லும் கணக்கு. வருடம் முழுக்கச் சேர்த்தால் முதலில் வாங்கிய மூட்டைகள் கல்லாகிக் கிடக்கும். ரொக்கமாக வைத்தாலும் நிற்காது. பிள்ளைக்குக் காய்ச்சல், மைத்துனருக்கு அவசரம், பள்ளிக்கூடத்தில் ஃபீஸ் என்று அது கரைய ஆயிரம் ஓட்டைகள்.

ஆகவே சீட்டு. நமக்குத் தெரிந்ததுதான், ஆனால் அதற்குள் இருக்கும் கணக்கைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். பன்னிரண்டு பெண்கள், ஆளுக்கு மாதம் 1,000 ரூபாய். தனித்தனியாகச் சேர்த்தால் பன்னிரண்டு பேருமே 12,000 ரூபாயை 12-ஆவது மாதம்தான் பார்ப்பார்கள். குலுக்கல் சீட்டாகப் போட்டால் முதல் பெண்ணுக்கு முதல் மாதமே கிடைக்கிறது. சராசரிக் காத்திருப்பு ஆறரை மாதமாகக் குறைகிறது. எல்லோருக்கும் கடைசியாக எடுக்கும் துரதிர்ஷ்டக்காரி எவ்வளவு காத்திருக்கிறாள்? அதே 12 மாதம். தனியாகச் சேர்த்திருந்தாலும் அவளுக்கு அதே கதிதான். யாருக்கும் நஷ்டமில்லாமல் பதினொரு பேருக்கு லாபம். வெளியிலிருந்து ஒரு பைசா வரவில்லை. காத்திருக்கும் நேரம் மட்டும் மாயமாகக் குறைந்திருக்கிறது. டிமதி பெஸ்லி, ஸ்டீஃபன் கோட், க்ளென் லௌரி என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் 1993-இல் இதை முறையான சமன்பாடுகளாக எழுதிக் காட்டினார்கள்.

இன்னொரு வழி இதைவிட விசித்திரமானது. ஸ்டூவர்ட் ரூதர்ஃபோர்டு என்ற ஆய்வாளர் விஜயவாடாவின் குடிசைப் பகுதிகளில் வீடு வீடாகப் போய்ச் சேமிப்பு வாங்கும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். 220 கட்டம் போட்ட அட்டை ஒன்று. நாளுக்கு 5 ரூபாய் கொடுத்தால் ஒரு கட்டத்தில் டிக். அட்டை நிரம்பும்போது கட்டியது 1,100 ரூபாய். திரும்பக் கிடைப்பது 1,000. சேமித்தவருக்குத்தான் வட்டி போட வேண்டும் என்று நாம் நினைக்கிறோம், இங்கே சேமித்தவர் வட்டி கட்டுகிறார், ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 30 சதவீதத்தை ஒட்டி. அவளிடம் பணம் கட்டும் பெண்கள் ஏமாளிகள் அல்ல. வாசலுக்கு வந்து, விடாமல் கேட்டு, வாங்கிப் பத்திரப்படுத்தும் ஒருத்திக்குக் கூலி கொடுக்கிறார்கள். அந்த நூறு ரூபாயைச் செலவழிக்காவிட்டால் அவர்களிடம் ஆயிரம் ரூபாய் ஒருபோதும் சேர்ந்திருக்காது.

ஏழைகளின் இந்தக் கணக்கை ஒரு சிமெண்ட் கம்பெனி கண்டுபிடித்த கதை மெக்ஸிகோவில் நடந்தது. 1994 டிசம்பரில் அந்நாட்டு பெசோவின் மதிப்பு சரிந்தது. பெரிய கட்டடங்கள் அப்படி அப்படியே நின்றன. அவற்றுக்குச் செமெக்ஸ் நிறுவனம் விற்ற சிமெண்ட் ஏறக்குறைய பாதியாகப் படுத்தது. ஆனால் சில்லறையில் மூட்டை மூட்டையாகப் போகும் சிமெண்ட் பத்திலிருந்து இருபது சதவீதம்தான் குறைந்திருந்தது. யார் இவர்கள்? வங்கியும் ஒப்பந்தக்காரரும் இல்லாமல் தங்கள் கையாலேயே வீடு கட்டிக்கொள்ளும் புறநகர் ஏழைகள். இத்தனை காலம் தன் சிமெண்டை வாங்கியவர்களைப் பற்றிக் கம்பெனிக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. 1998-இல் குவாதலஹாரா நகரின் ஏழைக் குடியிருப்புகளுக்கு ஒரு குழுவை அனுப்பியபோது, ‘எங்களுக்கு இவர்களைப் பற்றித் தெரியாது’ என்பதையே ஓர் அறிக்கையாக எழுதி வைத்துவிட்டுத்தான் தொடங்கினார்கள். பெரிய கம்பெனிகளில் அபூர்வமாகக் காணும் பண்பு.

அவர்கள் கண்டது இது. ஓர் அறை கட்டி முடிக்க ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக 4 ஆண்டு ஆனது. நான்கு அறை வீட்டுக்கு 13 ஆண்டு. அங்கேயும் சீட்டு இருந்தது, தாந்தா என்ற பெயரில், பெரும்பாலும் பெண்கள் கையில். ஆனால் சீட்டு எடுத்த பணம் வீட்டுக்குப் போவது குறைவு. மகளின் பதினைந்தாவது பிறந்தநாள் அங்கே நம்மூர்ச் சடங்குபோல் ஊர்கூடிக் கொண்டாடப்படுவது. ரொக்கம் கைக்கு வந்தால் விருந்தும் மருத்துவமும் முந்திக்கொள்ளும். வாங்கிப் போட்ட சரக்கும் வீணாயிற்று: கணக்குத் தெரியாமல் வாங்கிய மணல் மழையில் ஓடும், சிமெண்ட் இறுகும்.

அங்கிருந்து பிறந்த திட்டம் பாத்ரிமோனியோ ஓய். சீட்டின் எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, கடைசியில் கிடைக்கும் மொத்தத்தை மட்டும் ரொக்கத்திலிருந்து சரக்காக மாற்றினார்கள். மூன்று பேர் ஒரு குழு. ஆளுக்கு வாரம் 120 பெசோ, 70 வாரம். வசூலித்துக் கட்டும் பொறுப்பு மூவருக்குள் சுற்றிவரும். 120-இல் 15 கட்டணம், 105 சரக்குக் கணக்கில். ஐந்தாவது வாரம் முடியும்போது பத்து வாரத்துக்கான சரக்கு வாசலில் இறங்கும். அதாவது ஐந்து வாரம் ஒழுங்காகக் கட்டியதே ஜாமீன். பத்திரமும் வேண்டாம், சம்பளச் சீட்டும் வேண்டாம். பொருள் விலை 70 வாரத்துக்கும் ஏறாது. இன்னும் வீடு கட்டத் தயாராகாதவர்கள் சரக்குக்குப் பதில் ரசீது வாங்கிக்கொள்ளலாம். சிமெண்ட் அவர்கள் வீட்டு ஈரத்தில் கிடக்காமல் கம்பெனியின் கணக்கில் கெடாமல் இருக்கும். காகிதம் ஈரம் குடித்துக் கல்லாவதில்லை. கட்டட வரைவாளர் ஒருவர் குடும்பத்தோடு உட்கார்ந்து, முதலில் எந்த அறை, படிக்கட்டு பின்னால் எங்கே வரும், அதற்கு இப்போதே எங்கே கம்பி நீட்டி வைக்க வேண்டும், எத்தனை மூட்டை போதும் என்று போட்டுக் கொடுத்தார். நான்கு ஆண்டு எடுத்த அறை 70 வாரத்தில் நின்றது.

இதை உலகத்துக்குச் சொன்னவர்களில் முக்கியமானவர் கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியல் படித்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சி.கே.பிரகலாத். வருமானப் பிரமிடின் அடித்தட்டில் இருப்பவர்களும் வாடிக்கையாளர்களே என்று வாதிட்ட 2004-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் இத்திட்டத்தை விரிவாக எழுதினார். அதே பல்கலைக்கழகத்தின் அனீல் கர்னானி இதற்கு நேர் எதிர்: ஏழையிடம் விற்பதைப் பற்றிப் பேசாதீர்கள், அவன் வருமானத்தைக் கூட்டுவதைப் பற்றிப் பேசுங்கள் என்றார். ஏழைகளுக்குச் சிறு பாக்கெட்டில் ஷாம்பு விற்கும் விஷயத்தில் நான் கர்னானி பக்கம். சிமெண்ட் விஷயத்தில் அவ்வளவு உறுதியாக இல்லை. இந்தக் குடும்பங்கள் எப்படியும் சிமெண்ட் வாங்கிக்கொண்டுதான் இருந்தன, மோசமான வழியில். ஆனாலும் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 70 வாரத்தில் கட்டும் 8,400 பெசோவில் 1,050 கட்டணமாகப் போகிறது. எட்டில் ஒரு பங்கு. விஜயவாடாப் பெண் பதினொன்றில் ஒரு பங்குதான் வாங்கினாள்.

பட்டா கொடுத்துவிட்டால் வங்கியே கடன் தராதா என்று கேட்கலாம். பெரு நாட்டுப் பொருளாதார அறிஞர் ஹெர்னாண்டோ டி சோட்டோ அப்படித்தான் நம்பினார். அதைச் சோதித்துப் பார்க்க அர்ஜென்டினாவில் ஒரு வாய்ப்பு தற்செயலாக அமைந்தது. 1981-இல் புவெனஸ் ஐரிஸ் புறநகர் ஒன்றில் சுமார் 1,800 குடும்பங்கள் புறம்போக்கு என்று நினைத்து ஒரு நிலத்தில் குடியேறின. நிலம் பல தனியாருடையது என்று பின்னால்தான் தெரிந்தது. அரசு நஷ்டஈடு கொடுத்து அதை எடுக்க முன்வந்தபோது சில உரிமையாளர்கள் வாங்கிக்கொண்டார்கள், சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். பக்கத்துப் பக்கத்து வீடுகள். ஒருவருக்குப் பட்டா, அடுத்தவருக்கு இல்லை, அதில் குடியிருப்பவரின் யோக்கியதைக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆய்வாளருக்கு இதைவிட நல்ல சோதனைக்கூடம் கிடைக்காது. செபாஸ்டியன் கலியானியும் எர்னெஸ்டோ ஷார்க்ரோட்ஸ்கியும் போய்ப் பார்த்தார்கள். பட்டா கிடைத்தவர்கள் வீட்டை நன்றாகக் கட்டியிருந்தார்கள், பிள்ளைகளைக் கூடுதலாகப் படிக்க வைத்திருந்தார்கள். வங்கிக் கடன்? மிகச் சிலருக்கே. வீட்டை நல்லதாக்கியது கடன் அல்ல, யாரும் துரத்த மாட்டார்கள் என்ற தைரியம்.

வங்கிக்கு மனசில்லை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. இருபதாயிரம் ரூபாய்க் கடனுக்கும் இருபது லட்சம் கடனுக்கும் ஃபைல் ஒன்றுதான், வீட்டைப் போய்ப் பார்க்கும் ஆள் ஒருவர்தான். சிறிய கடனில் அந்தச் செலவே வட்டியைத் தின்றுவிடும். அதனால் வங்கி முழு வீட்டுக்குத்தான் கடன் தரும். ஏழைக்குத் தேவை பெரும்பாலும் வீட்டின் ஒரு துண்டு.

துண்டு என்றால் எவ்வளவு சிறிய துண்டு? மெக்ஸிகோவின் கொவாவிலா மாநில அரசு 2000-இல் மண் தரை வீடுகளுக்கு 50 சதுர மீட்டர் வரை சிமெண்ட் தரை போட்டுக் கொடுத்தது. வீட்டுக்குச் செலவு சுமார் 150 டாலர். தோர்ரெயோன் நகரம் அந்த மாநிலத்தில் இருக்கிறது. ஒட்டினாற்போல் இருக்கும் கோமெஸ் பலாசியோவும் லெர்தோவும் துராங்கோ மாநிலத்தைச் சேர்ந்தவை, அங்கே அந்தத் திட்டம் இல்லை. 2005-இல் ஆய்வாளர்கள் இருபுறமும் கணக்கெடுத்தார்கள். மண் தரை முழுவதையும் மாற்றினால் சிறு குழந்தைகளின் குடற்புழுத் தொல்லை 78 சதவீதம், வயிற்றுப்போக்கு 49 சதவீதம், இரத்தசோகை 81 சதவீதம் குறையும் என்று தெரிந்தது. புழுவின் முட்டை மண்ணில் கிடந்து, தவழும் பிள்ளையின் கைவழியாக வாய்க்குப் போகிறது. தரை வழவழப்பாகிக் கழுவ முடிந்தால் அந்தச் சங்கிலி அறுந்துபோகிறது. சத்து புழுவுக்குப் போகாமல் பிள்ளைக்குப் போக, மொழித்திறன் சோதனையிலும் அவர்கள் முந்தினார்கள். தாய்மார்களின் மனச்சோர்வுகூடக் குறைந்திருந்தது. தரைக்கென்று கடன் தரும் வங்கி எதையும் நான் பார்த்ததில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் காலடியில் மண் இருப்பவர்களுக்கு. வாடகைக்கு இருப்பவர் 70 வாரம் கட்டி யாருடைய வீட்டுக்குத் தளம் போடுவது? சிமெண்டுக்குத் தேவை கூடினால் ஆலை இன்னும் கொஞ்சம் அரைக்கும். நகரத்துக்குள் நிலத்தை அப்படி உற்பத்தி செய்ய முடியாது. எல்லோர் கையிலும் கடனைக் கொடுத்தால் மனை விலைதான் ஏறும். தாய்லாந்தில் 2003-இல் தொடங்கிய பான் மங்கோங் திட்டம் இந்த இடத்தில் வேறு மாதிரி யோசித்தது. தனி ஆளுக்குக் கடன் கிடையாது. குடியிருப்பு முழுவதும் சேர்ந்து கூட்டுறவுச் சங்கம் அமைத்து, கேட்கும் கடனில் 10 சதவீதத்தைத் தாங்களே சேர்த்துக் காட்ட வேண்டும். கடன் சங்கத்தின் பெயரில், நிலமும் சங்கத்தின் பெயரில், விலைக்கோ நீண்ட குத்தகைக்கோ. சங்கம் உறுப்பினரிடம் மாதாமாதம் வசூலிக்கிறது, ஒருவர் தவறினால் மற்றவர்கள் அந்த மாதத்தைத் தாங்கிக்கொள்கிறார்கள். தனி மனையை யாரும் வெளியே விற்றுவிட்டுப் போக முடியாது என்பதால், பின்னால் நில விலை ஏறினாலும் குடியிருப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது.