உப்பும் நீரும் உயிரணுவும்

மாங்காய்த் துண்டுகளில் உப்பைத் தூவி வைத்தால் அவை நீர்விட்டுச் சுருங்குகின்றன. உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் இட்டால் உப்புகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்திற்கு நீர் மெல்லிய சவ்வைக் கடந்து செல்கிறது. தமிழகப் பாடநூல்கள் இதனைச் 'சவ்வூடு பரவல்' என்கின்றன. இலங்கையில் 'பிரசாரணம்' என்பர். முன்னது தன் பொருளைத் தானே விளக்கும் நல்ல சொல். ஆயினும் 'பரவல்' என்றதும், உயிரணு என்பது நீர் புகுந்தால் வீங்கி, வெளியேறினால் சுருங்கும் வெறும் பை என மாணவர் கருதிவிடக்கூடும். உண்மை அதுவன்று.

நம் உயிரணுக்களுக்குச் செடியின் உயிரணுவுக்கு உள்ளது போன்ற உறுதியான சுவர் இல்லை. தூய நீரில் இட்ட இரத்தச் சிவப்பணு உப்பி வெடித்துவிடும். உடலுக்குள் மாற்றம் அத்துணைக் கடுமையாக நிகழ்வதில்லை. சூழ்ந்துள்ள நீர்மம் நீர்த்துப்போனால் உயிரணு முதலில் வீங்கும். உடனே அதன் சவ்விலுள்ள வாயில்கள் சில திறக்கும். பொட்டாசியமும் குளோரைடும், டாரின் முதலிய சிறு சேர்மங்களும் வெளியேறும். அவற்றைத் தொடர்ந்து நீரும் வெளியேறும். நீரை நேரே இறைத்துவிடும் பொறி நம் உயிரணுவில் இல்லை. கரைபொருளை இழந்தே அது தன் பழைய அளவை மீட்கிறது. இவ்வாயில்களுள் ஒன்றின் இன்றியமையாப் புரதம் எதுவென அறியப்பட்டது 2014ஆம் ஆண்டில்தான். சூழலில் உப்பு மிகுந்தால் செயல் தலைகீழாகும்: உயிரணு சோடியத்தையும் குளோரைடையும் உள்ளிழுத்து, நீரையும் மீட்கும்.

இது வெறும் ஏட்டறிவன்று. இரத்தத்தில் சோடியத்தின் இயல்பான அளவு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல். அது குறைந்தால் மூளையின் உயிரணுக்கள் வீங்கும். மண்டையோட்டுக்குள்ளோ அதற்கு இடமில்லை. ஏறத்தாழ இரண்டு நாள்களில் அவை கரைபொருள்களை இழந்து தம் அளவைச் சரிசெய்துகொள்ளும். அதன்பின் சோடியத்தை மிக விரைவாக உயர்த்தினால், இழந்தவற்றை மீட்பதற்குள் அவ்வணுக்கள் சுருங்கிவிடும். நரம்பிழைகளின் மயலின் உறையும் சிதையலாம். ஆதலால்தான் நாள்பட்ட சோடியக் குறைவை மருத்துவர்கள் சிறிது சிறிதாகத் திருத்துகின்றனர். உயிரணுவை வெறும் பை என்று கருதுவோர்க்கு இந்த நிதானத்தின் காரணம் விளங்காது.

இலக்கண வழக்கில் கூறுவதாயின், இங்கே எழுவாய்கள் இரண்டு. பரவுவது நீர், அளவு காப்பது உயிரணு. முதல் வாக்கியத்தோடு பாடத்தை நிறுத்திவிடாமல், இரண்டாவதையும் வகுப்பில் சொல்லிக்கொடுப்போம்.