நாய் வளர்ப்பதாலா பிள்ளை குறைகிறது?

இலங்கையின் மாத்தளை மாவட்டத்து வஹகோட்டை, போர்த்துக்கேய வழித்தோன்றல்கள் வாழும் பழைய கத்தோலிக்க ஊர். குழந்தை இயேசுவை ஏந்திய புனித அந்தோனியாரே அங்கு காவலர். அத்தகைய ஊர்களுக்கும் சேர்த்தே பாப்பரசர் பிரான்சிஸ் 2022 ஜனவரி 5 அன்று பேசினார்: பிள்ளைக்குப் பதிலாக நாய், பூனை வளர்ப்பது சுயநலம் என்றார். இலங்கைக்கு இது பொருந்தவில்லை. 2020இல் சுமார் 3 இலட்சமாயிருந்த பிறப்புகள் 2023இல் ஏறத்தாழ 2.5 இலட்சமாகக் குறைந்தன. இடையில் வந்தது பொருளாதார நெருக்கடி. பால்மாவுக்கு வரிசையில் நின்ற தம்பதியர் பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட்டால் அது சுயநலமா? எட்டுப் பிள்ளைகள் வளர்ந்த அந்தக்கால முற்றங்களிலும் நாய் இருந்ததே! பிள்ளைகள் குறைந்தால் முதியோரை நாளை யார் பார்ப்பார் என்ற கவலை நியாயமானது. அதற்கு வேண்டியது நிலையான வேலையும் குழந்தைப் பராமரிப்பு வசதியும். பாப்பரசர் அதே உரையில் தத்தெடுப்பையும் வலியுறுத்தினார். அதைத்தான் நாம் இன்னும் போதிய அளவு பேசவில்லை.