பழைய சீட்டு, புதிய மாத்திரை

ஆண்டுக்கணக்கில் அதே மருந்து. மருத்துவரைக் கடைசியாகப் பார்த்தது எப்போது என்பதுதான் நினைவில்லை.

மாதத்தின் முதல் வாரம், மாலை நேரம். தில்லியானாலும் நாகபுரியானாலும் மருந்துக் கடையில் காட்சி ஒன்றுதான். பென்ஷன் வந்த கையோடு வருகிறார் பெரியவர் ஒருவர். சட்டைப் பையிலிருந்து அவர் எடுக்கும் சீட்டு மடிப்புகளில் கிழிந்து நான்கு துண்டாகும் நிலையில் இருக்கிறது. அடுத்து நிற்பவர் அதையும் கொண்டுவரவில்லை; தீர்ந்துபோன மாத்திரையின் காலி அட்டையை நீட்டுகிறார். “இதுல ஒரு மாசத்துக்கு.” கடைக்காரர் பெயரைப் பார்க்கிறார், எடுத்துத் தருகிறார். ஒரு நிமிடத்தில் வேலை முடிந்தது.

கேட்கப்படாமல் போன கேள்வி ஒன்று உண்டு. இந்த மருந்து இன்னும் தேவையா? இதே அளவில்தான் தேவையா?

கேள்வி சிறியதல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, 31.5 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். சிகிச்சை தொடங்கியவர்களில் பெரும்பாலோருக்கு மாத்திரை வாழ்நாள் துணை. ஒவ்வொரு மாதமும் யாரோ ஒருவர் அதைப் புதுப்பித்தாக வேண்டும். மருத்துவர் செய்ய வேண்டிய அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது கடைக் கவுன்ட்டர்தான்.

இத்தனைக்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 65-வது விதி தெளிவாகவே பேசுகிறது. சீட்டில் மருத்துவரின் கையொப்பம், தேதி, நோயாளியின் பெயர், முகவரி, மருந்தின் மொத்த அளவு எல்லாம் இருக்க வேண்டும். மீண்டும் கொடுக்கலாம் என்று மருத்துவரே எழுதியிருந்தால் ஒழிய, ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து. எத்தனை முறை, எத்தனை நாள் இடைவெளியில் என்று அவர் எழுதியிருந்தால் அதன்படிதான் தர வேண்டும். ஒவ்வொரு முறையும் கடையின் பெயரையும் தேதியையும் சீட்டில் குறிக்க வேண்டும்.

நடைமுறை வேறு. ‘ஆறு மாதத்துக்கு, மாதம் ஒரு முறை’ என்று எழுதித் தரும் மருத்துவர்கள் அரிது. முத்திரை குத்தும் கடைகள் அதைவிட அரிது. நோயாளியைக் குறை சொல்வதும் எளிதல்ல. மருத்துவரைப் பார்ப்பதென்றால் கட்டணம், காத்திருப்பு, பலருக்கு ஒரு நாள் கூலி. உடம்பும் நன்றாகத்தான் இருக்கிறது, எதற்குப் போவது? கடைக்காரருக்கும் ஒரு கணக்கு உண்டு: இவர் மறுத்தால் அடுத்த கடை தரும்.

விளைவுகள் ஓசையில்லாமல் வருகின்றன. நீரிழிவுக்கான மெட்ஃபார்மினைச் சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்தே தொடர வேண்டும். சிறுநீரகம் தளரும்போது அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ நேரும். ரத்த அழுத்தத்துக்காகத் தரப்படும் சில சிறுநீர் மாத்திரைகள் முதியவர்களின் உடலில் சோடியத்தைக் குறைத்துத் தடுமாற்றத்தில் கொண்டு விடலாம். மோசமானது ஸ்டீராய்டு. மூட்டு வலிக்குச் சில நாட்களுக்கென்று எழுதப்பட்ட பிரெட்னிசலோன், வலி போன சந்தோஷத்தில் மாதக்கணக்கில் நீள்கிறது. சர்க்கரை ஏறுகிறது, எலும்பு தேய்கிறது. பயந்து சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்துதான்.

இன்னொரு பொறி, பெயர். இரண்டு மருத்துவர்கள் ஒரே மருந்தை இரண்டு கம்பெனிப் பெயர்களில் எழுதுகிறார்கள். இரண்டையும் சேர்த்து விழுங்குபவருக்கு அது தெரிவதில்லை.

அதற்காகப் பழைய சீட்டுக்கு மருந்தே இல்லை என்று விரட்டிவிடவும் முடியாது. ரத்த அழுத்த மாத்திரையை விட்டவருக்குக் காத்திருப்பது பக்கவாதமாக இருக்கலாம். தேவை தடையல்ல, கணக்கு வைத்துப் புதுப்பிக்கும் ஏற்பாடு.

அதற்கான முயற்சிகள் இல்லாமலில்லை. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ‘ஷெட்யூல் எச்-1’ விதிப்படி பல ஆன்டிபயாடிக்குகளுக்கும் அல்பிரசோலம் போன்ற மருந்துகளுக்கும் கடைக்காரர் தனிப் பதிவேடு வைத்து மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். 2020 மார்ச்சில் வந்த தொலை மருத்துவ வழிகாட்டுதல்கள் இன்னொரு கதவைத் திறந்தன: ஆறு மாதத்துக்குள் அதே நோய்க்காகப் பார்த்த மருத்துவர், தொலைபேசியில் விசாரித்தே மருந்தைத் தொடர்ந்து எழுதித் தரலாம். போதை, மனமயக்க மருந்துகள் பெரும்பாலும் இதில் சேராது.

நல்ல முன்மாதிரி அரசு மருத்துவமனைகளிலேயே உண்டு. பஞ்சாப், கேரளம், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், தெலங்கானா ஆகிய ஐந்து மாநிலங்களில் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், நோயாளி மருந்து வாங்க வரும் நாளே பரிசோதனை நாள். அழுத்தத்தை அளந்து, பதிவு செய்து, பிறகு மாத்திரை. வராதவரைத் தேடித் தொடர்புகொள்வதும் திட்டத்தின் பகுதி.

தனியார் மருத்துவரிடம் போகும் குடும்பங்களும் இதைச் சொந்தமாகச் செய்துகொள்ளலாம். “எத்தனை மாதம் இதே மருந்து? எப்போது என்ன பரிசோதனை? சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்” என்று கேட்பது நோயாளியின் உரிமை. எந்த மருத்துவரிடம் போனாலும் வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லலாம். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே கிளம்பலாம். கடைசி மாத்திரையை விழுங்கிய இரவில் திறந்திருப்பது மருந்துக் கடை மட்டும்தான்.