நாணமும் நோயும்

சிலப்பதிகார வகுப்பிலே, கண்ணகி தன் இடக் கொங்கையைத் திருகி மதுரை மீது எறிந்த கட்டம் வரும்போது யான் சொல்லுக்கு அஞ்சியதில்லை. மகன் புறங்காட்டியது மெய்யாயின், அவனுக்குப் பாலூட்டிய முலையை அறுத்தெறிவேன் என்று மறக்குடித் தாய் வஞ்சினங் கூறும் புறநானூற்றுச் செய்யுளையும் 30 ஆண்டுகளாக உரைகூறிப் படிப்பித்து வருகின்றேன். ஏட்டிலே நாணாத நா, வீட்டிலே நாணிற்று. அந்நாணத்துக்கு என் தமக்கையாரைப் பறிகொடுத்தேன்.

குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட சிறு கட்டியை அவர் எட்டு மாதம் மறைத்தார். வலியில்லை; ஆதலால் நோயுமில்லை என எண்ணினார். தம்பியிடம் சொல்லக் கூசினார். வைத்தியர் முன் நிற்க அதனினுங் கூசினார். சட்டையில் இரத்தக் கசிவு கண்டு என் மனைவி வினவிய பின்னரே செய்தி வெளிப்பட்டது. அதற்குள் நோய் அக்குளுக்கும் பரவியிருந்தது. 2011ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

2023 ஒக்டோபரில், மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதத்தையொட்டி, எங்கள் பகுதிக் குடும்பநல மருத்துவமாது கல்லூரிக்கு வந்து ஆசிரியைகளுக்கும் தாய்மாருக்கும் பேசினார். ஆடவராகிய யாம் எழுந்து வெளியேற முற்பட்டோம். “ஐயா, நீங்களும் இருங்கோ. வீட்டிலை எடுத்துச் சொல்ல வேண்டியவை நீங்கள்தானே” என்றார். இருந்தோம்.

அவர் கூறியவை எளியவை. பெண்கள் 20 வயது முதல் மாதந்தோறும், மாதவிலக்குத் தொடங்கி 7 முதல் 10 நாளளவில், கண்ணாடி முன் நின்று பார்த்தும் விரல்களால் தடவியும் தம் மார்பைத் தாமே சோதித்தல் வேண்டும். புதிய கட்டி, தோலிற் குழிவு, காம்பு உள்ளிழுபடல், இரத்தக் கசிவு என்பவற்றுள் ஒன்று காணினும் உடனே மருத்துவரை நாடல் வேண்டும். கட்டிகளுட் பெரும்பாலானவை புற்றல்ல. எனினும் அதனைத் துணிவது மருத்துவரின் சோதனையே. தொடக்கத்திற் கண்டால் குணமாகும் வாய்ப்பு மிகுதி. 1996ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் இயங்கிவரும் சுகவனிதையர் நிலையங்களில் மார்பகச் சோதனை இலவசமாகவே செய்யப்படுகின்றது. 35 வயதெய்திய பெண்களைச் சிறப்பாக அழைக்கின்றனர்.

அன்று மாலை, அவர் தந்த துண்டுப் பிரசுரத்தை மனைவிக்கும் மகளுக்கும் யானே வாசித்துக் காட்டினேன். இருவரும் தலைகவிழ்ந்திருந்தனர், என் குரலும் ஈரிடத்தில் தடுமாறிற்று. மறுவாரம் மனைவி நிலையத்துக்குச் சென்று வந்தார்.

ஆசிரிய நண்பர்களே, வகுப்பறையிற் கூசாது சொல்லும் சொல்லை வீட்டிலுஞ் சொல்லுங்கள். என் தமக்கையாரிடம் அதனைச் சொல்ல எவரும் இருந்திலர்.