பசிபிக் சமுத்திரத்தைத் தனித்துக் கடப்போர் அறியவேண்டுவன

பூமியின் மேற்பரப்பில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கைத் தன்னகத்தே கொண்டது பசிபிக் சமுத்திரம். உலகத்து நிலப்பரப்பு முழுவதையும் ஒன்றுசேர்த்தாலும் அதன் பரப்புக்கு ஈடாகாது. 1520ஆம் ஆண்டு நவம்பர் 28ஆந் திகதி அதனுட் புகுந்த மகெல்லனின் கப்பல்கள், 1521ஆம் ஆண்டு மார்ச் 6ஆந் திகதியே குவாம் தீவை அடைந்தன. இடையே உணவு குன்றியும், பல்லீறு வீங்கும் நோய் பற்றியும் மாலுமிகள் பலர் மாண்டனர். இன்று உல்லாசப் பிரயாணக் கப்பல்கள் அச்சமுத்திரத்தை மூன்று வார அளவிற் கடக்கின்றன. பசியும் அந்நோயும் நீங்கின. தூரமும் தனிமையும் நீங்கினவல்ல.

எம் பழைய மாணவருட் பலர் உத்தியோகத்தினின்று இளைப்பாறியபின், கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் தம் மக்களிடத்து மாறிமாறித் தங்குகின்றனர். அவருள் வாழ்க்கைத்துணையை இழந்தோர் சிலர், ஆகாயவிமானத்தை விடுத்து இக்கடல்வழியே செல்லுதல் கூடுமோ என வினவுவதுண்டு. அன்னார்க்குப் பயன்படுமாறு சில கூறுவாம்.

காலமும் வழியும்

மே முதற் செப்தெம்பர் வரை அலாஸ்காக் கரையோரத்தில் உலாவும் கப்பல்கள், வடபாற் குளிர் தொடங்கியதும், தென்பாற் கோடையை நாடி அவுஸ்திரேலியாவுக்கு இடம்மாறுகின்றன. ஏப்பிரில், மே மாதங்களில் மீளுகின்றன. வெறுங்கப்பலாகச் செல்லாது பிரயாணிகளையும் ஏற்றிச் செல்லுவதால் எழுந்ததே இப்பயணம். ஆகவே இது நினைத்த மாதத்தில் கிடைப்பதன்று.

வன்கூவரிலிருந்து ஹொனலூலு சுமார் 2,400 கடல்மைல். மணிக்கு 18 முதல் 20 கடல்மைல் செல்லும் கப்பலுக்கு அஃது ஐந்து நாட்களுக்குக் குறையாத பயணம். அங்கிருந்து சமோவா அல்லது பீஜித் தீவுகளுக்கும் ஏறக்குறைய அத்துணை நாட்களாகும். சிட்னியை அடையுமுன் 22 அல்லது 24 நாட்கள் கழியலாம். அவற்றுள் அரைவாசிக்கு மேற்பட்ட நாட்களிற் கரையென்பதே கண்ணுக்குப் புலப்படாது.

நடுவழியில் மனம் மாறினால் இறங்கிவிடலாம் என்று எண்ணுதலும் ஆகாது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1886இல் இயற்றப்பட்ட சட்டமொன்றின்படி, பிறநாட்டுக் கொடி தாங்கிய கப்பல், ஓர் அமெரிக்கத் துறையில் ஏறியவரை நேரே மற்றோர் அமெரிக்கத் துறையிற் கொண்டுபோய் இறக்குதல் கூடாது. எனவே சியாட்டிலில் ஏறியவர் ஹொனலூலுவிற் பயணத்தை முடித்துக்கொள்ள இயலாது. கனடாவின் வன்கூவரில் ஏறியவர்க்கு இத்தடை இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டு உடையோர் கனடா, ஐக்கிய அமெரிக்கா, அவுஸ்திரேலியா ஆகிய மூன்று நாட்டு விசாவையும் முன்னரே பெற்றிருத்தல் வேண்டும்.

கட்டணம்

கப்பற் கட்டணம் ஓர் அறையில் இருவர் தங்குவர் என்ற கணக்கிலேயே வகுக்கப்படுகின்றது. தனித்துச் செல்பவர், இல்லாத இரண்டாமவருக்குரிய பணத்தையும் முழுவதுமாகவோ ஒரு பகுதியாகவோ செலுத்த நேரிடும். தனித்தோர்க்கென அமைந்த சிற்றறைகள் சில கப்பல்களில் உண்டு. 2010இற் கடலோடத் தொடங்கிய ‘நோர்வீஜியன் எப்பிக்’ என்னுங் கப்பலில் அத்தகைய அறைகள் 128 அமைக்கப்பட்டன. அவற்றிற் கடலை நோக்கிய சாளரம் இல்லை. 2016இற் புதுப்பிக்கப்பட்டபோது ‘குயின் மேரி 2’ கப்பலில் 15 ஒற்றையறைகள் சேர்க்கப்பட்டன. இவை விரைவில் விலைப்படுவன. அறை எதுவாயினும், கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இருப்பதே ஆட்டம் குறைந்ததாகும். சைவ போசனம் வேண்டுவோர் அதனைப் பயணச்சீட்டுப் பெறும்போதே அறிவித்தல் நன்று.

நாளும் நாழிகையும்

மேற்கு நோக்கிச் செல்லுங்கால், சில நாட்களுக்கொருமுறை கடிகாரத்தை ஒரு மணி பின்வைப்பர். அந்நாள் 25 மணி கொண்டதாகும். ஒக்தோபரில் வன்கூவரிலிருந்து சிட்னி செல்வோர் இவ்வாறு 6 மணி பெறுவர்; அதற்கீடாக, 180ஆம் தீர்க்கரேகையை ஒட்டிய சர்வதேசத் திகதிக் கோட்டைக் கடக்கும்போது ஒரு நாளை முழுதாய் இழப்பர். கிழக்கு நோக்கி மீள்வோர்க்கு மணிகள் குறைந்து, ஒரு நாள் இருமுறை வரும். இக்கோடு நாடுகளின் விருப்பப்படி வளைவது. சமோவா நாடு 2011இல் அதன் மறுபுறம் மாறியபோது, டிசெம்பர் 29 வியாழனுக்குப்பின் 31 சனியே விடிந்தது.

இது வேடிக்கையாகத் தோன்றினும், தனித்துச் செல்வார்க்குக் கருமம் உடையது. மருந்துண்போர் திகதியைப் பாராது, மணிக்கணக்கைப் பார்த்து உண்ணுதல் வேண்டும். நினைவூட்டுவார் அருகில் இல்லையன்றோ? இழக்கும் நாள் வெள்ளிக்கிழமையாயின், விரதங் காப்போர் அதனை எந்நாளிற் கொள்வதென முன்னரே துணிந்துகொள்க.

உடனலம்

கப்பலில் வைத்தியரும் தாதியரும் உளர். சிறு வைத்தியசாலையும் உண்டு. ஆயினும் பெரிய சத்திரசிகிச்சைக்கு அங்கு வசதியில்லை. ஹெலிகொப்டர்கள் கரையிலிருந்து சில நூறு மைல் தொலைவு வரையே வரவல்லன. நடுச்சமுத்திரத்தில் நோயுற்றவரைக் கரைசேர்க்கக் கப்பலே திசைமாறி நாட்கணக்கில் ஓடுதல் வேண்டும். அதற்காகும் செலவு ஒரு குடும்பத்தின் சேமிப்பை விழுங்கக்கூடியது. ஆதலால், கடலிலிருந்து கொண்டுசெல்லுஞ் செலவையும் ஏற்கும் காப்புறுதி இன்றி இப்பயணத்தை மேற்கொள்ளற்க. மருந்து பயண நாட்களுக்கு மேலும் இரு வாரத்துக்குப் போதியதாய்க் கைப்பையில் இருத்தல் நலம். நோயின் விபரத்தையும், உறவினரின் தொலைபேசி எண்ணையும் ஆங்கிலத்தில் எழுதிக் கடவுச்சீட்டுடன் வைப்பதோடு, அறையைப் பேணும் பணியாளனுக்குத் தாம் தனித்து வந்ததைச் சொல்லியும் வைத்தல் வேண்டும். வழக்கமான வேளையில் ஒருவர் வெளிவராவிடில், அதனை முதலில் உணர்பவன் அவனே.

தனிமை

இறுதியாக, பலரும் கேட்கக் கூசும் வினா: தனிமையைத் தாங்குதல் இயலுமோ? முதலிரு நாட்கள் புதுமையிற் கழியும். கரை காணாத நான்காம் ஐந்தாம் நாளிலேதான், இருவர் இருவராய் உலாவுவோர் நடுவே தாம் ஒருவராய் இருத்தல் உறைக்கும். நாள்தோறும் அச்சிட்டு வழங்கும் நிகழ்ச்சிப் பத்திரத்திலே தனிப்பிரயாணிகள் கூடும் வேளை குறிக்கப்பட்டிருப்பதுண்டு. முதற் கூட்டத்தைத் தவறவிடாதிருத்தல் முக்கியம், ஏனெனில் நட்புக்கள் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே அமைந்துவிடும். நினைத்த நேரத்தில் நினைத்த இடத்தில் உண்பதினும், ஒரே வேளையில் ஒரே மேசையிற் பலரோடிருந்து உண்ணும் முறையைத் தெரிந்துகொள்க. மூன்று வாரம் ஒரு பந்தியில் இருப்போர் பந்துக்கள் ஆவர். பூமத்திய ரேகையைக் கடக்கும் நாளில், கடற்றெய்வமாகிய நெப்தியூனைப்போல ஒருவர் வேடம் புனைந்து, முதன்முறை கடப்போரை நீராட்டும் கேலிக்கூத்து நிகழும். விரும்பாதார் ஒதுங்கி நின்று காணலாம்.

கடல் துக்கத்தை ஆற்றிவிடும் என்று எவரேனும் சொன்னால் நாம் உடன்படோம். துக்கமும் அறையினுள்ளே உடன் வரும். துணையை இழந்து சில மாதங்களே ஆனவர், நீண்ட பயணத்துக்கு முன் மூன்று நான்கு நாட் பயணமொன்றிலே தம்மைச் சோதித்துப் பார்ப்பது அறிவுடைமை. தனித்திருந்து நூலொன்றைப் படிக்கவும், நெடுநேரம் கடலை நோக்கியிருக்கவும் வல்லவர்க்கோ, இவ்வளவு நீண்ட ஓய்வு வேறெங்கும் எளிதிற் கிட்டாது. தம் இயல்பு இவற்றுள் எதுவென அறிந்தபின்னரே பயணச்சீட்டைப் பெறுவாராக.