நாம் கேட்கும் இசையும் அதன் காரணமும்

நம் வாசகர்களிடையே ஒரு சிறு பழக்கம் வேரூன்ற வேண்டுமென விரும்புகிறோம். இந்நாட்களில் எந்தப் பாடலைக் கேட்டு வருகிறோம், எக்காரணத்தால் கேட்கிறோம் என்பதை ஒருவருக்கொருவர் அறிவிப்பதே அது. பாடலின் பெயரைச் சொல்வது எளிது. கைபேசி வாயிலாக நாள்தோறும் பாடல்களை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறோம். காரணத்தைச் சொல்வதே கடினம். இனிமையாயிருக்கிறது என்று கூறி நிறுத்திக்கொள்வோர், அகஸ்தீன் அடிகளார் தம் அறிக்கைகளின் பத்தாம் நூலில் வெளியிட்ட கலக்கத்தை நினைத்துப் பார்க்கலாம். பாடப்படும் பொருளைவிடப் பாட்டின் ஓசையே தம்மை அதிகமாக அசைத்த வேளைகளை அவர் குற்றமெனவே எண்ணினார். ஆயினும் பலவீனரின் பக்தியைத் தூண்டும் துணையென்று கண்டு, திருச்சபையில் பாடும் வழக்கத்தை அவர் தள்ளவில்லை. தாமே சிறந்த இசைவாணராயிருந்த சுவிங்லியோ சூரிக் நகரத்து வழிபாட்டிலிருந்து இசையையே அகற்றிவிட்டார். இவ்விருவருமே காரணம் தேடியவர்கள்.

முதலில் நம்முடைய கணக்கை ஒப்புவிப்போம். பாளையங்கோட்டையிலிருந்து நாம் இப்பொழுது மாறி மாறிக் கேட்பவை இருவகைப் பாடல்கள். வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் ஒருவகை. தியோபிலஸ் அப்பாவு ஐயரின் கிராமிய இசைப் பாடல்கள் மற்றொருவகை. இவை ஒன்றோடொன்று வழக்காடுபவை. அவ்வழக்கைக் கேட்பதற்காகவே இரண்டையும் சேர்த்துக் கேட்கிறோம்.

சாஸ்திரியார் 1774-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். பன்னிரண்டாம் வயதில் சுவார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். 1864-இல் காலமாகும்வரை அவர் இயற்றிய பாடல்கள் மிகப் பல. 1853-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் ஐயர் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபொழுது, அவை தஞ்சையின் எல்லையைக் கடந்து பல மிஷன்களின் சபைகளுக்கும் பொதுவாயின. கீர்த்தனையின் அமைப்பே சபைக்கு ஏற்றது. பல்லவி திரும்பத் திரும்ப வருவதால் எழுத்தறியாதவரும் அதைப் பற்றிக்கொள்கிறார். சரணங்கள் பொருளை விரித்துச் செல்கின்றன. புத்தகத்தில் பாட்டின் தலைப்பில் இராகமும் தாளமும் மட்டுமே பொதுவாக அச்சாகும், சுரக்குறிப்பு இராது. ஆகவே மெட்டு ஏட்டில் இல்லை, செவியில்தான் இருக்கிறது. தாய் பாடக் கேட்டு மகள் பாடினாலன்றி அது மறைந்துவிடும். ஊருக்கு ஊர் மெட்டு சற்றே மாறி ஒலிப்பதன் காரணமும் இதுவே. (ஆர்மோனியம் வாசிப்பவர் சுருதியை உயர்த்திவிட, சபையின் ஒரு பாதி மேலேயும் மறுபாதி கீழேயுமாகப் பாடும் அனுபவத்தை இங்கே விவரிக்கத் தேவையில்லை.)

இத்துணை நேசத்துக்குரிய கீர்த்தனைகளைப் பாடித் தந்தவரின் வரலாற்றில் ஒரு முள்ளும் உண்டு. 1820-களில் தஞ்சையிலிருந்த புதிய மிஷனெரிமார்மீது சாஸ்திரியார் நான்கு கொடுமைகளைக் குற்றமாகச் சாட்டினார். வழக்கிலிருந்த தமிழ் வேதத்தை மாற்றியது, பல சாதியாரையும் ஒன்றாக்கக் கட்டாயப்படுத்தியது, மங்கல அமங்கல நிகழ்ச்சிகளில் மலர்களை விலக்கியது, தமிழ் இசைக்குத் தடை செய்தது ஆகியவையே அந்நான்கு. வேதத்தைத் திருத்தும் பணியில் முன்னின்ற ரேனியஸ் ஐயர் நம் பாளையங்கோட்டையில் ஊழியம் செய்தவர். 1826-இல் அவர் எழுப்பிய திருத்துவ ஆலயமே இன்றைய பேராலயம். மலரையும் தமிழ் இசையையும் குறித்து சாஸ்திரியார் சொன்னது நியாயம் என்றே கருதுகிறோம். மாலை சூட்டுவதும் மேளம் ஒலிப்பதும் சுவிசேஷத்துக்கு விரோதமென்று எண்ணிய அயல்நாட்டார் நம் மக்களை அறியாதவர்கள். ஆனால் இசைக்காகப் பேசிய அதே வாய் திருவிருந்தண்டையில் சாதிப் பிரிவினைக்காகவும் பேசிற்று. ஒரே மனுவில் இரண்டும் அடங்கியிருக்கின்றன. ஒன்றை மட்டும் நூற்றாண்டு விழாக்களில் போற்றி மற்றதை மறைப்பது நேர்மையாகாது.

இவ்விடத்தில்தான் அப்பாவு ஐயரின் குரல் நமக்குத் தேவைப்படுகிறது. 1940-இல் பிறந்து 2005-இல் மறைந்த அவர், மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்தவர். பரட்டை அண்ணன் என்றே மாணவர் பலர் அவரை அறிவர். அவருடைய வாதம் சாஸ்திரியார் என்னும் ஒரு மனிதரைப் பற்றியதன்று, இசையைப் பற்றியது. கர்நாடக இசை பயிற்சியையும் ஆசிரியரையும் வேண்டுவது. உயர்ந்தோரின் மதிப்பை உடன் சுமந்து வருவது. கிராமிய இசையை ஏழை எவரும் எடுத்துப் பாடலாம், தம் துன்பத்துக்கேற்பச் சொல்லை மாற்றலாம், அடுத்த ஊருக்குக் கொடுக்கலாம். ஒருவரிடமும் அனுமதி கேட்க வேண்டுவதில்லை. தலித் மக்களின் விடுதலையைக் கூறும் இறையியல் அவர்களுடைய இசையிலேயே பாடப்பட வேண்டும் என்றார் அவர். சாவுக்குரிய கருவியென்று இழிவுபடுத்தப்பட்ட பறை வழிபாட்டில் ஒலிக்க இடம் கண்டதில் அவர் பங்கு பெரிது.

இவ்வாதத்தை நாம் முழுவதும் ஏற்கிறோமா? பெரும்பாலும் ஏற்கிறோம், ஓரிடத்தில் தயங்குகிறோம். சாஸ்திரியார் தாமே கும்மியும் குறவஞ்சியும் நொண்டி நாடகமும் பாடியவர். களத்துமேட்டின் வடிவங்களை அவர் அறியாதவரல்லர். மேலும், தாமிரபரணிக் கரையின் சிற்றூர்ச் சபைகளில் கீர்த்தனை பாடப்படுவதைச் செவிகொடுத்துக் கேட்போர், கமகங்கள் உதிர்ந்து, இராகம் நெகிழ்ந்து, நடவுப் பாட்டின் நடை அதில் புகுந்திருப்பதை உணர்வர். வித்துவான் இதைப் பிழை என்பார். மக்கள் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள் என்பதே நம் எண்ணம். ஆயினும் கீர்த்தனைக்குக் கதவு எளிதில் திறந்ததும் பறைக்கு நெடுங்காலம் அடைபட்டிருந்ததும் இசை இலக்கணத்தால் விளைந்த வேறுபாடு அன்று.

கர்நாடக இசை எவருடையது என்பது வேறொரு வழக்கு. தென்காசிக்கருகே சாம்பவர்வடகரையில் 1859-இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர், 1912 முதல் தஞ்சையில் இசை மாநாடுகள் கூட்டி, 1917-இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டு, அது தமிழரின் பழம்பொருளே என்று வாதாடினார். அதைப் பிறிதொரு இதழில் விரிவாக எழுதுவோம்.

இனி வாசகர்கள் எழுதலாம். மேனாட்டு மெட்டிலமைந்த பாமாலையாயினும், கீபோர்டு முழங்கும் இக்காலப் பாடலாயினும், வில்லுப்பாட்டாயினும் தடையில்லை. பாடலின் பெயரோடு அதை யாரிடமிருந்து கேட்டுக் கற்றீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். முதிய தாய்மார் எவரேனும் இன்று பிறர் பாடாத மெட்டில் ஒரு கீர்த்தனையை அறிந்திருப்பின், இளைஞர் அவரருகே அமர்ந்து, எல்லாச் சரணங்களையும் அவர் பாடி முடிக்கும்வரை இடைமறிக்காமல் கைபேசியில் பதிவு செய்து, ஊரின் பெயரையும் சேர்த்து அனுப்புவார்களாக.